கோழி எருவும் கண்டக் கணக்கும்

கேள்வி: முட்டைக்கோழி எருவில் வரும் நைட்ரஜன் எந்தக் கண்டத்தில் அதிகம்? முன்பும் அப்படித்தானா?
- வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: இன்றைக்கு ஆசியாதான், சந்தேகமே வேண்டாம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பட்டியல் 1961இல் தொடங்குகிறது. அப்போது உலக முட்டையில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்தான். 1980களின் நடுவில் சீனா அமெரிக்காவை முந்தியது. எருவும் கூடவே ஏறியது.

ஆனால் யாரும் கொட்டகை கொட்டகையாகப் போய் எருவை எடை போட்டு இதை எழுதவில்லை. ஒரு கோழிக்கு ஆண்டுக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் நைட்ரஜன் என்று வைத்து, கோழிகளின் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள். தீவனத்தில் புரதத்தைக் குறைத்தால் எருவில் நைட்ரஜன் குறையும். அது இந்தக் கணக்கில் தெரியாது. எனவே வரைபடத்தில் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை நம்புவேன். கடைசி இலக்கங்களை நம்பமாட்டேன்.

அப்புறம், கோழி கழிப்பதெல்லாம் வயலுக்கு வந்து சேராது. ஈரக் குவியலில் யூரிக் அமிலம் அம்மோனியாவாகிப் பறந்துவிடும். கொட்டகையில் கண் எரிவது அதனால்தான். நெதர்லாந்தில் நிலம் தாங்காத அளவு எரு. அங்கே மூர்டைக் என்ற ஊரில் 2008 முதல் கோழி எருவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். சாம்பலில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மிஞ்சும், நைட்ரஜன் போயே போச்சு. உங்கள் பக்கத்து விவசாயி கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்!