எந்த மாதம் போவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் ஒரே ஒரு பெரிய பயணம் போவதென்று தீர்மானித்துப் பிரேசிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மானாஸ் நகரில் தங்கி அமேசான் காட்டைப் பார்ப்பது திட்டம். பன்னிரண்டு மாதங்களுக்கும் மழை, வெப்பம், கொசு, விமானக் கட்டணம் என்று அட்டவணை போட்டுப் பார்த்தேன். மழை குறைந்த ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் சிறந்த பருவம் என்று தோன்றுகிறது. மழையில் மாட்டிக்கொண்டு பணம் வீணாகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. நீங்கள் இரண்டு முறை போனவர் என்பதால் கேட்கிறேன். தடுப்பூசி, சைவ உணவு பற்றியும் சொல்லுங்கள். மனைவிக்கு மூட்டுவலி உண்டு. அந்தப் பெரிய அல்லி இலையைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

ரா., கோவை

அன்புள்ள ரா.,

சிறிய விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொண்டு சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில்தான் அதைக் கேட்பார்கள். சோறும் அவரையும் மரவள்ளி மாவும் பழங்களும் எங்கும் கிடைக்கும். அவரையில் இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெப்பத்துக்கு நீங்கள் ஒதுக்கிய பத்தியை அடித்துவிடலாம், ஏனென்றால் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 3 பாகையில் இருக்கும் ஊரில் ஆண்டு முழுவதும் வெயில் ஏறக்குறைய ஒன்றுதான். கொசுவுக்கும் அவ்வளவு அஞ்ச வேண்டாம். மானாஸ் நகரம் அமைந்திருக்கும் நெக்ரோ ஆற்றின் கறுத்த நீர் அமிலத்தன்மை கொண்டது, அதில் கொசு அதிகம் பெருகுவதில்லை.

எனக்கு மனத்தாங்கல் உண்டாக்கியது உங்கள் மழைப் பத்திதான். மூன்று ஆண்டுகளாக நான் மானாஸ் துறைமுகத்தில் ஆற்றின் மட்டம் எவ்வளவு என்பதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு வருகிறேன்; அதனால்தான் உங்கள் கடிதத்தை அப்படியே வைத்துவிட முடியவில்லை. மானாஸில் மார்ச்சிலும் ஏப்ரலிலும் மழை உச்சத்தில் இருக்கும், ஆகஸ்டில் மிகக் குறைந்துவிடும். ஆறோ ஜூன் நடுவில்தான் நிறைகிறது. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோதான் அடிக்கு இறங்குகிறது. அந்த நகரத்தின் மேல் பெய்யும் மழை அந்த ஆற்றை நிரப்புவதில்லை. ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் விழுந்த நீர் பெரு நாட்டைக் கடந்து சொலிமோய்ஸ் ஆறாக (மானாஸுக்கு மேலே அமேசானுக்கு அங்கே அதுதான் பெயர்) வந்து நெக்ரோவோடு சேர்வதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. வடக்கிலிருந்து வரும் நெக்ரோ வேறொரு கணக்கில் ஏறுகிறது. சொலிமோய்ஸ் பெருகி வரும்போது நெக்ரோவின் நீர் வடிய வழியில்லாமல் அணையிட்டது போலத் தேங்கி மேலேறுகிறது. மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகுதான் வெள்ளம் உச்சத்துக்கு வருகிறது. சாதாரண ஆண்டிலேயே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் பத்து மீட்டர் வேறுபாடு உண்டு, அதாவது மூன்று மாடி உயரம். உங்கள் மழைப் பத்தி குடை எடுக்க வேண்டுமா என்பதைச் சொல்லும். காலடியில் இருக்கப்போவது மண்ணா தண்ணீரா என்பதைச் சொல்லாது.

அங்குள்ளவர்களின் பேச்சிலேயே இது இருக்கிறது. டிசம்பர் முதல் மே வரை, பிரேசிலின் பள்ளிப் பாடம் கோடை தொடங்குகிறது என்று சொல்லும் மாதங்களையும் சேர்த்து, அவர்கள் ‘இன்வெர்னு’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குக் குளிர்காலம் என்று பொருள். ஆற்றுக்கென்று நான்கு பருவங்களைத் தனியாக வைத்திருக்கிறார்கள். நம் மொழியில் சொல்வதானால் ஏறுநீர், நிறைநீர், வடிநீர், வறள்நீர். நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று பள்ளியில் படித்த நாம் இதை எளிதாகப் புரிந்துகொள்ள முடியும். அங்கே பொழுது மாறினால் நிலமே மாறிவிடுகிறது.

நானும் உங்களைப் போலவே ஒரு மழை அட்டவணையை நம்பித்தான் 2010ஆம் ஆண்டு அக்டோபரில் போனேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. நெக்ரோ அந்த மாதம் துறைமுக அளவுகோலில் 13.63 மீட்டருக்கு இறங்கியிருந்தது. 1902 முதல் எடுக்கப்பட்டுவரும் அளவீட்டில் அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. அந்த இரண்டு ஆறுகளும் கலக்கும் இடத்துக்கு அருகே, லாஜெஸ் முனையில், நீருக்கடியில் கிடந்த பாறைகள் வெளியே வந்திருந்தன. அவற்றில் மனித முகங்கள் செதுக்கப்பட்டிருந்தன; ஆயிரம் முதல் இரண்டாயிரம் ஆண்டுகள் பழையவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். செதுக்கியவர் அங்கே உளியோடு உட்கார்ந்திருக்க வேண்டுமானால் அன்றும் ஆறு அந்த அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். நான் அந்த முகங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மழையே இல்லாமல் நல்ல நேரத்தில் வந்திருக்கிறேன் என்று படகோட்டியிடம் மகிழ்ச்சியோடு சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தன் மகள் பள்ளிக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது என்றார். பள்ளிக்குச் செல்லும் படகு வரும் ஓடை வற்றிவிட்டது. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போக, வெடித்த சேற்றின் மேல் அரை மணி நேரம் நடந்து, கரை மண்ணில் வெட்டிய நாற்பது படிகள் ஏறினோம். அவருடைய மனைவி அதே படிகளில் குடிநீர்க் குடத்தோடு ஏறி வந்தார்.

2012 ஜூன் முதல் வாரத்தில் அதே வீட்டுக்கு மீண்டும் போனேன். மே 29 அன்று ஆறு 29.97 மீட்டரைத் தொட்டிருந்தது. மானாஸின் கடைத்தெருவில் பலகைகளை அடுக்கி அவற்றின் மேல் மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நான் எண்ணி ஏறிய நாற்பது படிகளில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. படகோட்டி படகைத் திண்ணைத் தூணில் கட்டினார். நான் ஓர் எட்டு வைத்து வீட்டுக்குள் போய்விட்டேன். பின்பக்கம் இருந்த காட்டுக்குள் துடுப்புப் போட்டுப் போனபோது, முன்பு அண்ணாந்து பார்த்த கிளைகள் என் தோளில் உரசின. அந்த வெள்ளக்காட்டுக்கு ‘இகப்போ’ என்று பெயர். மரங்கள் மாதக்கணக்கில் கழுத்தளவு நீரில் நின்றும் அழுகுவதில்லை. அவற்றில் பல இந்தப் பருவத்தில்தான் கனி உதிர்க்கின்றன. ‘தம்பாக்கி’ என்ற பெரிய மீன் கிளைகளுக்கடியில் காத்திருந்து ரப்பர் விதையைக்கூடப் பல்லால் உடைத்துத் தின்கிறது, சில விதைகளைத் தொலைவுக்குச் சுமந்து சென்று விதைக்கவும் செய்கிறது. நீர் வடிந்த பிறகு சொலிமோய்ஸ் கரையில் படியும் வண்டலில் தர்ப்பூசணியும் சோளமும் போடுகிறார்கள். ஆமைகள் முட்டையிட மணல்திட்டு வேண்டும் என்பதால் அவை வறள்நீருக்குக் காத்திருக்கின்றன. இவற்றில் எந்த மாதத்தை வீண் என்பீர்கள்?

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த சொல் அதுதான். வாழ்நாள் சேமிப்பைச் செலவழிக்கிறீர்கள், பணம் பெரிதுதான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு நாடு தன் பருவத்தை உங்கள் ரசீதுக்கு ஈடாகக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. ‘சிறந்த பருவம்’ என்று எழுதுபவர்கள் யாருக்குச் சிறந்தது என்று எழுதுவதில்லை. அதுவும் இப்போது அந்தச் சொல்லைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். 2021 ஜூனில் ஆறு 30.02 மீட்டருக்கு ஏறியது. 2023 அக்டோபரில் 12.70, அடுத்த ஆண்டு அக்டோபரில் 12.11 என்று இரண்டு முறை தொடர்ந்து பழைய குறைந்த அளவுகளை முறியடித்தது. 2023இல் அமேசான் பகுதியிலுள்ள தெஃபே ஏரியின் நீர் 39 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறி, நூற்றுக்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து மிதந்தன. நீங்கள் சிறந்தது என்று வட்டமிட்ட அதே மாதங்களில்தான் இந்த வறட்சியும் சாவும் நடந்தன.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பன்னிரண்டு வரிசை மழைக் கணக்கு போட்ட நீங்கள், துணைவியாரின் மூட்டுவலியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கரையில் வெட்டிய வழுக்குப் படிகளில் அவரை எப்படி ஏற்றுவீர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அவர் ஆசைப்படும் அல்லியும் வறள்நீரில் ஏரிகள் சுருங்கும்போது மிகவும் குறைந்துவிடும். எனவே ஜூன் பிற்பகுதியிலோ ஜூலையிலோ போங்கள். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், ஆறு இன்னும் வீட்டு வாசலில் நிற்கும், படகிலிருந்து ஓர் எட்டு வைத்தால் தரை. மானாஸுக்கு எதிரே ஜனவாரி ஏரியில் இலைகள் இரண்டு மீட்டருக்கும் அகலமாக விரிந்திருக்கும். பூ முதல் நாள் மாலை வெண்மையாக மலர்ந்து மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகிவிடும். ஆகவே அங்கே இரண்டு மாலைகள் இருக்கும்படி திட்டமிட்டு, இரண்டு நாளும் அவரைப் படகின் முன்பக்கத்தில் உட்கார வையுங்கள்.