வால்மார்ட் கதையும் உங்கள் குழுத்தோழியும்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே? ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மேலாண்மை வகுப்பில், வால்மார்ட் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி இந்த நாட்டில் தோற்றுப்போன கதையைக் கேஸ் ஸ்டடியாகக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிய பக்கத்தைப் பார்த்து, குழுவில் இருந்த ஜெர்மன் பெண் எல்லோர் முன்னாலும் "இது தவறு" என்று சொல்லிவிட்டாள். நீங்கள் வாயே திறக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அதிகாரத் தொலைவு, அதாவது மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அட்டவணையில் இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35 என்று காட்டியிருந்தார்கள். "அண்ணா, நான் பேசாமல் இருந்ததற்கு அந்த 77தான் காரணமா? இவர்கள் எல்லோருமே இப்படித்தானா?"

அந்த 77ஐ முதலில் இறக்கி வையுங்கள். நாடுகளின் பண்பாடுகளை ஒப்பிட்ட ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் அந்த எண்களை எடுத்தது 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் ஊழியர்களிடம் நடந்த கருத்துக்கணிப்பிலிருந்து. நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் அது உதவும். நீங்கள் ஏன் அன்றைக்குப் பேசவில்லை என்று அதனால் சொல்ல முடியாது. பக்கம் தவறாக இருந்ததால்கூடப் பேசாமல் இருந்திருக்கலாம், இல்லையா?

இனி வால்மார்ட். அவர்களுடைய ஜெர்மன் தலைமையகம் இருந்த வூப்பர்டாலில்தான் நான் இப்போது இருக்கிறேன், தொங்கு ரயில் ஓடுகிற ஊர். நான் வந்தபோது அவர்கள் போய்விட்டார்கள், கதை மட்டும் மிச்சம். வாசலில் ஆள் நின்று வணக்கம் சொன்னதும், பணியாளர்களைச் சிரிக்கச் சொன்னதும், வாங்கிய சாமானைப் பையில் போட்டுக் கொடுத்ததும் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். இங்கே நம் பையை நாமே நிரப்பி நகர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சிரித்ததால் ஒரு நிறுவனத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் நட்டம் வராது, தம்பி.

1997 கடைசியில் வெர்ட்காஃப் என்ற நிறுவனத்தின் 21 கடைகளையும், அடுத்த வருடம் இன்டர்ஸ்பாரின் 74 கடைகளையும் வாங்கினார்கள். முதலில் தலைமைக்கு வந்த அமெரிக்கருக்கு ஜெர்மன் மொழி தெரியாது. அவர்களுடைய ஆயுதம் மலிவு விலை. ஆல்டி, லிடில் என்ற ஜெர்மன் மலிவு விலைக் கடைகள் ஏற்கெனவே காலூன்றியிருந்த ஊரில் மலிவைக் காட்டி யாரை அசத்துவது? இன்னும் குறைக்கப் பார்த்தார்கள். பால், வெண்ணெய் போன்றவற்றை அடக்க விலைக்கும் கீழே விற்கக் கூடாது என்று 2000இல் போட்டி ஆணையம் தடுத்தது. அதே உத்தரவு ஆல்டிக்கும் லிடிலுக்கும் போனது. இரவு முழுக்கத் திறந்து வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அப்போது வார நாள்களில் இரவு 8 மணி, சனிக்கிழமை மாலை 4 மணியோடு கடைகளை மூடியாக வேண்டும்.

என்னைக் கேட்டால் கதையின் சுவையான பகுதி 2005தான். ஊழியர்களுக்கு ஒரு நடத்தை விதித் தொகுப்பு கொடுத்தார்கள். சக ஊழியர் தவறு செய்தால் தொலைபேசியில் புகார் சொல்ல வேண்டும் என்றும், யார் யாரோடு காதல் உறவு வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. இங்கே ஐந்து பேர் வேலை செய்கிற இடத்தில்கூட பெட்ரீப்ஸ்ராட் என்ற ஊழியர் பேரவையைத் தேர்ந்தெடுக்கலாம். நடத்தை விதி போடுவதென்றால் அவர்களைக் கலந்தே ஆக வேண்டும். கலக்கவில்லை. வழக்கு வூப்பர்டால் தொழில் நீதிமன்றத்துக்குப் போனது, அப்புறம் டுசல்டார்ஃப் மேல்நீதிமன்றத்துக்கு. காதல் விதி அரசியலமைப்புக்கே முரணானது என்று அங்கே தீர்ப்பு வந்தது. 2006இல் 85 கடைகளை மெட்ரோ குழுமத்திடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அந்தப் பேரவையின் உரிமை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் அச்சாகியே இருக்கிறது. படிக்காமல் வந்துவிட்டு, பண்பாடு புரியவில்லை என்று சொன்னால் எப்படி? உங்கள் கட்டுரையில் சிரிப்புக்கு ஒரு பத்தி போதும், மற்றதை இதற்குக் கொடுங்கள்.

சரி, அந்தப் பெண் விஷயம். எனக்கும் நடந்திருக்கிறது. முதல் வேலை ஷ்டுட்கார்ட் பக்கம். என் கணக்கில் ஒரு வரி பிசகியிருப்பதை சக ஊழியர் பத்துப் பேர் நடுவில் சொன்னார். காது சூடேறிவிட்டது. மதியம் அவரே வந்து, சாப்பிடப் போகலாமா என்றார். பகை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவருக்கோ அந்த வரி சரியானதும் விஷயம் முடிந்துபோயிருந்தது. அந்த வட்டாரத்தில் 'திட்டாவிட்டால் அதுவே பாராட்டு' என்ற பொருளில் ஒரு சொலவடை உண்டு, அதை நான் தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆனது.

என் தரப்பிலும் ஒரு கோணல் இருந்தது. மேலாளர் எதைக் கேட்டாலும் "சரி, பார்க்கிறேன்" என்பேன். நம் ஊரில் அதற்கு எத்தனை அர்த்தம்! அவர் அதை 'வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிடும்' என்று குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வந்தது, வேலை வரவில்லை. முடியாது என்று செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பேனே என்றார். அதில் அவர் பக்கம்தான் நியாயம்.

எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். வாய் நிறையத் தேன் ஒழுகப் பேசிக் காலை வாரிய ஜெர்மன்காரரையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் நாளைக்கே போய், "எந்த வரி தவறு, எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். மன்னிப்புக் கேட்கிற பாவனை வேண்டாம், சண்டைக் குரலும் வேண்டாம். அவள் சொல்வது தவறாக இருந்தால் அதையும் அதே குரலில் சொல்லுங்கள்.

கடை நேரம் இப்போது தளர்ந்துவிட்டது, ஆனால் ஞாயிறு இன்னும் மூடல்தான். சனிக்கிழமையே அரிசியும் பாலும் வாங்கி வைத்துவிடுங்கள். மறந்தால் பெரிய ரயில் நிலையத்துக் கடைதான் கதி, அங்கே விலையைப் பார்த்தால் பசியே போய்விடும்.