கண் ஆபரேஷனுக்குப் பிறகு 'கோராய்டு விலகி நீர் கோத்திருக்கிறது' என்றால் என்ன?

கோபியில் இருக்கும் உங்கள் அப்புச்சிக்கு கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தில் டாக்டர் இப்படிச் சொன்னார், இது விழித்திரை விலகலா, பார்வை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க, இது வேறு. விழித்திரைக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் நிறைந்த படலம்தான் கோராய்டு. கண்ணின் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். ஆபரேஷனுக்குப் பின் அது ரொம்ப இறங்கிவிட்டால் அந்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, கோராய்டுக்கும் வெளி வெள்ளைச் சுவருக்கும் நடுவில் தேங்கும், ஈரம் ஏறிய சுவரில் பூச்சு உப்பி நிற்கிற மாதிரி. ஸ்கேனில் மேடு மேடாகத் தெரிவது அதுதான்.

பெரும்பாலும் அழுத்தம் ஏறியதும் தானாகவே வடிந்துவிடும், சில வாரம் ஆகலாம். அதுவரை அட்ரோபின், ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுப்பார்கள். அட்ரோபின் விட்டால் கண் பாப்பா விரிந்து வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அழுத்தம் குறைக்கும் பழைய சொட்டு மருந்தை டாக்டரைக் கேட்காமல் அந்தக் கண்ணில் விடவே விடாதீர்கள், நிலைமை மோசமாகலாம். அப்புறம் கட்டுத்தறியில் குனிந்து சாணி அள்ளுவது, தீவன மூட்டை தூக்குவது, முக்குவது எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், அவர் கேட்கமாட்டார் என்றாலும் சொல்லுங்கள்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் முன்னால் வந்து கருவிழியை (கார்னியா) தொட்டாலோ, வீக்கம் பெரிதாகி எதிரெதிர் மேடுகள் ஒட்டினாலோதான் நீரை வடிக்க ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள். திடீரென்று கடும் வலி வந்து பார்வை மங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே கோயமுத்தூருக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.