இங்கிலாந்தில் செகண்டரி பள்ளியில் டிசைன் அண்ட் டெக்னாலஜியும் ஃபுட்டும் எடுக்கப் போகிறேன், வகுப்புக்கு என்னென்ன சேர்த்து வைக்கலாம்?

கேள்வி கேட்டவர் ஊரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, இங்கே ஆசிரியர் பயிற்சி முடித்து, வரும் செப்டம்பரில் வேலையில் சேரப் போகிறாராம். நெட்டில் ஸ்லைடும் ஒர்க்‌ஷீட்டும் மலைபோலக் கிடக்கிறதே, எதை எடுப்பது என்று குழம்புகிறார். லண்டனில் 11 வருடமாக இந்த இரண்டு பாடங்களையும் எடுக்கிறேன், நேராகவே சொல்கிறேன்: ஸ்லைடு தேடுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், பாதியில் நிற்கும் பொருட்களைச் சேர்க்க ஆரம்பியுங்கள்.

அது என்ன பாதியில் நிற்கும் பொருள்? எட்டாம் வகுப்பில் 3 மி.மீ. அக்ரிலிக்கில் ஒரு செல்போன் ஸ்டாண்ட் செய்ய வைக்கிறோம். என் அலமாரியில் ஒரு பலகை இருக்கிறது, அதில் அதே ஸ்டாண்ட் ஆறு நிலைகளில் வரிசையாக நிற்கும். முதலாவது கோடு மட்டும் போட்டது, அடுத்தது கோப்பிங் ரம்பத்தால் அறுத்து ஓரம் சொரசொரப்பாக இருப்பது, அப்புறம் அரம் போட்டது, அப்புறம் வெட் அண்ட் ட்ரை பேப்பரில், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில், தேய்த்தது, அப்புறம் பாலிஷ் போட்டது, கடைசியில் ஒரு கோட்டில் மட்டும் சூடேற்றும் ஸ்ட்ரிப் ஹீட்டரில் வைத்து வளைத்தது. பிள்ளைகள் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். தான் எந்த நிலையில் இருக்கிறோம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர்களாகவே தெரிந்துகொள்வார்கள், 'மிஸ், அடுத்து என்ன' என்று 24 பேர் வரிசையில் வந்து நிற்பது பாதியாகக் குறைந்துவிடும்.

அந்தப் பலகைக்குக் கீழே ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா வைத்திருக்கிறேன், அதில் இருப்பதெல்லாம் கெட்டுப்போனவை. சூடு அதிகமாகி உள்ளே குமிழி குமிழியாகக் கொப்பளித்தது ஒன்று, சூடு போதாமல் வளைக்கப் போய் படக்கென்று விரிசல் விட்டது ஒன்று, வளைத்த பிறகு ஓரம் தேய்க்கப் பார்த்து மூலை மட்டும் மங்கலாகவே நின்றுவிட்டது ஒன்று. அக்ரிலிக் ஏறத்தாழ 160 டிகிரியில் வளையும் பதத்துக்கு வரும் என்று போர்டில் எழுதிப் போட்டால் யாருக்கும் நினைவில் நிற்காது. குமிழி விட்ட துண்டைக் கையில் கொடுத்து 'இதுக்கு என்ன ஆச்சு சொல்லு' என்றால் பத்து நிமிடம் அவர்களே பேசுவார்கள். என்னிடம் இருப்பதிலேயே அதிகம் பாடம் நடத்துவது அந்த டப்பாதான், அதற்கு ஒரு காசு செலவில்லை.

ஃபுட் பாடத்துக்கும் இதே வழிதான். 2014 செப்டம்பரிலிருந்து தேசியப் பாடத்திட்டத்தில் சமையலும் ஊட்டச்சத்தும் டிசைன் அண்ட் டெக்னாலஜிக்குள்ளேயே ஒரு பகுதி, அதனால்தான் உங்கள் தலையில் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்கல் படித்தவர் சமையலை எப்படி எடுப்பது என்று பயப்பட வேண்டாம். மாவும் ஒரு மெட்டீரியல்தான், மரத்தையும் பிளாஸ்டிக்கையும் சோதித்துப் பார்ப்பதுபோல அதையும் சோதிக்கலாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இதை முதல் மாதமே செய்துவிடுங்கள். ஸ்ட்ராங் பிரெட் ஃப்ளோர் 100 கிராம், பிளெயின் ஃப்ளோர் 100 கிராம், அரிசி மாவு 100 கிராம், மூன்றையும் தனித்தனியாகத் தண்ணீர் விட்டுப் பிசையச் சொல்லுங்கள். கோதுமை மாவு இரண்டையும் கொஞ்ச நேரம் ஊற விட்டு, மெல்லிய துணியில் கட்டிக் குழாயடியில் பிசைந்து பிசைந்து கழுவ வேண்டும். பால்போல வெள்ளையாக ஸ்டார்ச் வழிந்து போகும், தண்ணீர் தெளியும்போது கையில் சூயிங்கம்போல ஒரு உருண்டை மிஞ்சும், அதுதான் குளூட்டன். எடை போட்டால் பிரெட் மாவில் மிஞ்சியது அதிகமாக இருக்கும். அதை 220 டிகிரி ஓவனில் வைத்தால் பலூன்போல உப்பி வரும், ஓவன் கண்ணாடிக்கு முன்னால் மொத்த வகுப்பும் குந்திக்கொண்டு பார்க்கும். அரிசி மாவுக்கு வந்தால் துணியில் பிடித்து இழுக்கிற மாதிரி எதுவுமே மிஞ்சாது. அப்போதுதான் நான் இடியாப்பக் கதையை எடுப்பேன்: அரிசி மாவில் குளூட்டன் இல்லை, அதனால்தான் அம்மா கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிப் பிசைவார், சூட்டில் ஸ்டார்ச் வீங்கிப் பசையாகி மாவைப் பிடித்து வைக்கும். பரோட்டா மாவை ஏன் ஊற விடுகிறோம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். ஒருமுறை செய்துவிட்டால் காய்ந்த குளூட்டன் பலூன்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஜாடியில் போட்டு வைத்தால் அடுத்த வகுப்புக்குக் காட்ட ஆகும்.

முதல் வருடம் நான் இப்படியெல்லாம் செய்யவில்லை. எங்கிருந்தோ இறக்கிய 40 ஸ்லைடை வைத்துக்கொண்டு 25 நிமிடம் பேசிவிட்டேன். வகுப்பு ஒரு மணி நேரம், அதில் ஏப்ரன் கட்டி கை கழுவி எடுத்து வைக்கவும், கடைசியில் பாத்திரம் கழுவித் துடைக்கவும் போனது போக மிஞ்சிய நேரத்தில் ஸ்கோன் வேகவே இல்லை. ஒரு பையன் வேகாத மாவை டப்பாவில் போட்டுக்கொண்டு, வீட்டில் போய் சுட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் விளக்கம் எல்லாவற்றையும் எட்டு நிமிடத்துக்குள் சுருக்கிவிட்டேன், மீதியை மேஜைமேல் இருக்கும் பொருள் சொல்லும்.

சரி, இணையத்தில் நம்பி எடுக்கக்கூடியவை. ஃபுட் பாடத்துக்கு பிரிட்டிஷ் நியூட்ரிஷன் ஃபவுண்டேஷனின் 'ஃபுட் எ ஃபேக்ட் ஆஃப் லைஃப்' இலவசம், வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள், தகவல் சுத்தமாக இருக்கும். எந்த உணவு எவ்வளவு சாப்பிடலாம் என்று காட்டும் ஈட்வெல் கைடு படம் அரசுத் தளத்திலேயே கிடைக்கும், 2016ல் வந்த படம்தான் வேண்டும், அதற்கு முந்தைய ஈட்வெல் பிளேட் படம் பழைய ஒர்க்‌ஷீட்டுகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, பார்த்து எடுங்கள். டிசைன் பக்கம் ஜேம்ஸ் டைசன் ஃபவுண்டேஷன் பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடங்கள் தருகிறது. பை இல்லாத வேக்குவம் கிளீனருக்கு டைசன் 5,127 மாதிரிகள் செய்தார் என்ற ஒரு தகவல் போதும், முதல் டிசைனையே பிடித்துத் தொங்கும் பிள்ளையிடம் இரண்டாவது வரையச் சொல்ல. பிராக்டிகல் ஆக்‌ஷன் அமைப்பின் 'ஸ்குவாஷ்ட் டொமேட்டோ சேலஞ்ச்' எனக்கு ரொம்பப் பிடித்தது: நேபாள மலையில் விளைந்த தக்காளியை நசுங்காமல் கீழே சந்தைக்குக் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். அட்டை, நூல், பழைய பாட்டில் மூடி, சில தக்காளி, அவ்வளவுதான் செலவு. கணினியில் முப்பரிமாணத்தில் வரைய டிங்கர்கேட் இலவசம், பிரவுசரிலேயே ஓடும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நெட்டில் கிடைத்ததை நம்பாதீர்கள். பள்ளிச் செய்முறை வகுப்புகளின் பாதுகாப்புக்கு ஆலோசனை தரும் அமைப்பு கிளீப்ஸ், பெரும்பாலான பள்ளிகள் அதில் உறுப்பினராக இருக்கும், ரிஸ்க் அசெஸ்மென்ட் அங்கிருந்து எடுங்கள். லேசர் கட்டரில் பி.வி.சி.யை ஒருபோதும் வைக்கக் கூடாது, நச்சுப் புகை வரும், என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத துண்டு யார் கொண்டுவந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வாமை பற்றி நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சட்டப்படி அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14, அதில் கடுகும் எள்ளும் உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு பருப்புக் குழம்பு செய்து காட்டலாம் என்று ஆசையாகத் தாளிப்பீர்கள், கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்லெண்ணெய் ஊற்றினால் எள். கடையில் வாங்கும் பெருங்காயப் பொடி பெரும்பாலும் கோதுமை மாவு கலந்தது, குளூட்டன் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது ஆகாது, நாம் பெருங்காயத்தில் கோதுமை இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்க மாட்டோம். ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். பிள்ளைகளைக் கொண்டே அந்த நோட்டைப் படிக்க வைத்தால் அதுவே ஒரு பாடம்.

ஜி.சி.எஸ்.இ. (இங்கே 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு) வகுப்பு முதல் வருடமே கொடுப்பார்களா தெரியாது, கொடுத்தால் மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். டிசைன் அண்ட் டெக்னாலஜியில் பாதி எழுத்துத் தேர்வு, பாதி பிள்ளைகள் தாங்களே செய்யும் புராஜெக்ட், அதற்கான தலைப்புகள் பத்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் ஜூன் 1 அன்று வெளிவரும். ஃபுட்டில் எழுத்துத் தேர்வு 50 சதவீதம், மேலே சொன்ன மாவுச் சோதனை மாதிரியான ஆய்வு 15, கடைசியில் 3 மணி நேரத்தில் மூன்று பதார்த்தம் செய்யும் பகுதியும் அதன் எழுத்து வேலையும் சேர்ந்து 35. எட்டாம் வகுப்பில் குளூட்டன் உருண்டையைக் கையில் பிடித்த பிள்ளைக்கு அந்த 15 புதிதாக இருக்காது.

வீட்டிலிருந்து பொருள் கொண்டுவரச் சொல்லும் பள்ளியாக இருந்தால், கொண்டுவர முடியாத பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள், மறந்துவிட்டேன் என்றுதான் சொல்வார்கள். மாவு, எண்ணெய், வெங்காயம், டின் தக்காளி எப்போதும் அலமாரியில் இருக்கட்டும், யாரையும் எல்லோர் முன்னாலும் ஏன் என்று கேட்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சமைக்காமல் ஒரு பிள்ளை ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியாது.

ஜூலை முடிவதற்குள் ஒருநாள் பள்ளிக்குப் போய் டெக்னீஷியனைப் பார்த்துவிடுங்கள். எத்தனை ஓவன் உண்மையில் சூடாகிறது, எந்த ட்ரில் நேராக இறங்குகிறது, மரத்துண்டு எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். போன வருடப் பிள்ளைகள் விட்டுப்போன அரைகுறை வேலைகளைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு பெட்டி நிறைய எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.