புதிதாக உயிரியல் கற்பிக்க வந்தவருக்குப் பயிற்சிப் பட்டறை போதுமா, வழிகாட்டி ஒருவரும் வேண்டுமா?

வேண்டும். கொழும்பில் முதலாம் வருட மாணவர்களுக்குக் கற்பிப்பவளாக, இதை அழுத்தியே சொல்வேன்.

பட்டறைகள் வீண் என்று சொல்ல வரவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் அபிவிருத்தி நிலையம் புதிய விரிவுரையாளர்களுக்கு நடத்தும் பயிற்சி நல்ல தொடக்கம். ஆனால் திரும்பி வந்ததும், பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அமெரிக்காவில் உயிரியல் கல்வி ஆய்வாளர் டயான் ஈபர்ட்-மே குழுவினர் பட்டறைக்குப் போய்வந்த உயிரியல் ஆசிரியர்களை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். மாணவரை மையப்படுத்தும் முறைக்கு மாறிவிட்டோம் என்று 89 வீதமானோர் சொன்னார்கள். வகுப்பு வீடியோக்களைப் பார்த்தால், 75 வீதமானோர் பழையபடி தாங்களே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. முன்னால் நின்று பேசுபவருக்குத் தன் வகுப்பு தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு கேள்வி பாருங்கள். சிறு விதை பெரிய மரமாகிறதே, அந்த எடை எங்கிருந்து வந்தது? உயர்தரத்தில் ஒளித்தொகுப்புச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதிய பிள்ளைகளிலும் பலர் ‘மண்ணிலிருந்து’ என்பார்கள். நீரை விட்டுப் பார்த்தால், மரத்தின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டிலிருந்துதான் வருகிறது என்பதை மனம் எளிதில் ஏற்காது. முன்வரிசையில் இரண்டு பேர் சரியாகச் சொன்னால் நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். கடைசி வரிசையில் வழிகாட்டியாக ஒரு சக ஆசிரியர் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் கிசுகிசுப்பது அவருக்குக் கேட்கும். அதுவும் தமிழில் உயர்தரம் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளைகள், பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் அழகாக விளக்குவார்கள். எழுந்து சொல்லச் சொன்னால் வாயே திறக்க மாட்டார்கள். விளங்காததால் வந்த மௌனமா, மொழியால் வந்த மௌனமா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியும். மொழிதான் தடை என்றால், முதலில் தமிழிலோ சிங்களத்திலோ பேசவிட்டு, அப்புறம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் கவனம்: உங்கள் பதவியை நிரந்தரமாக்கக் கையெழுத்திடுபவர் வழிகாட்டியாக இருக்கக்கூடாது. அவர் முன்னால் யாரும் புதிதாக எதையும் செய்துபார்க்கத் துணிய மாட்டார்கள். வகுப்புக்கு முன்பே எதைக் கவனிக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். முடிந்ததும் அன்றைக்கே உட்கார்ந்து, மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

இதற்குப் பெரிய அமைப்பெல்லாம் தேவையில்லை. தாவரவியல், விலங்கியல், செய்முறை வகுப்பு நடத்தும் இளைய உதவி விரிவுரையாளர்கள் என நாலைந்து பேர் மாதமொருமுறை கூடி, ஆளுக்கொரு வினாவையும் அதற்கு வந்த பிழையான விடைகளையும் கொண்டுவந்தால் போதும். ஒடுக்கற்பிரிவில், அதாவது நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) பாதியாகும் கலப்பிரிவில், அவற்றின் எண்ணிக்கையைக் குழப்புவது உங்கள் வகுப்பில் மட்டும் நடப்பதில்லை என்று அங்கேதான் தெரியவரும். அதைக் கடந்துவந்த ஒருவர் அந்தக் குழுவிலேயே இருக்கக்கூடும்.