கல்வி கேள்வி–பதில்: பாடங்களை வடிவமைக்கும் படிப்பு யாருக்கு?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ் வழிப் பிரிவு உள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். பி.எஸ்ஸி., பி.எட். முடித்திருக்கிறேன். கொரோனா காலத்தில் என் மாணவர்களுக்காகக் கைப்பேசியில் பாடங்களைப் பதிவு செய்து அனுப்பினேன். அப்போது ஏற்பட்ட ஆர்வத்தால் கற்பித்தல் வடிவமைப்பிலும் கல்வித் தொழில்நுட்பத்திலும் முதுகலைப் பட்டம் பெற விரும்புகிறேன். வேலையை விடாமல் படிக்க முடியுமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இணையவழியில் சேரலாமா? இது நிறுவனங்களில் வேலை தேடுபவர்களுக்கான படிப்பு, பள்ளி ஆசிரியைக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: வீட்டார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில் ஊழியர் பயிற்சிக்கான இணையப் பாடங்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பல உள்ளன. இத்துறையில் படித்தவர்களில் பலர் அங்குதான் வேலைக்குச் செல்கிறார்கள். ஆனாலும் இந்தப் படிப்பின் முழுப் பயனையும் அடையக்கூடியவர், நாள்தோறும் வகுப்பறையில் நிற்கும் உங்களைப் போன்றவரே என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் இத்துறை முதலில் கேட்பது எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது என்பதை அன்று. இந்தப் பிள்ளைக்கு இது ஏன் புரியவில்லை என்பதைத்தான்.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். (a+b)² என்பதை a²+b² என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். சரியான சூத்திரத்தைப் பத்து நிமிடம் விளக்கும் காணொளியைத் தயாரிப்பதுதான் நமக்கு முதலில் தோன்றும் வழி. கற்பித்தல் வடிவமைப்பைப் பயின்றவர் அங்கிருந்து தொடங்கமாட்டார். கற்ற பிறகு பிள்ளை என்ன செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதுவார்: ‘இரண்டு எண்களைக் கொடுத்தால், அவற்றின் கூடுதலின் வர்க்கத்துக்கும் வர்க்கங்களின் கூடுதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணித்து, அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று படத்தில் காட்ட வேண்டும்.’ அதைச் சோதிக்கும் வினாவையும் பாடத்துக்கு முன்பே தயாரித்துவிடுவார். பிறகு 3, 4 என்ற எண்களைக் கொடுத்து, 7-இன் வர்க்கம் 49, ஆனால் 9-ஐயும் 16-ஐயும் கூட்டினால் 25 தானே வருகிறது, மீதி 24 எங்கே போயிற்று என்று கேட்பார். ஏழுக்கு ஏழு கட்டம் போட்ட தாளில் 9 கட்டச் சதுரத்தையும் 16 கட்டச் சதுரத்தையும் எதிரெதிர் மூலைகளில் வெட்டி எடுத்துவிட்டால், பன்னிரண்டு பன்னிரண்டு கட்டங்களாக இரண்டு செவ்வகங்கள் மிஞ்சும். 2ab என்பது அந்தப் பிள்ளையின் கையிலேயே இருக்கும். இவ்வளவுக்கும் பிறகு காணொளி தேவைப்படாமலே போகலாம். தேவைப்பட்டால் இரண்டு நிமிடம் போதும்.

இந்தச் சிந்தனை முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஏராளமான வீரர்களைக் குறுகிய காலத்தில் பயிற்றுவிக்க வேண்டியிருந்த அமெரிக்கப் படைகள் உளவியல் அறிஞர்களை நாடின; அவ்வாறு பணியாற்றியவர்களில் ஒருவரான ராபர்ட் காக்னே, கற்றல் நிகழ்வதற்குத் தேவையான சூழல்களைப் பின்னர் 1965-இல் வகைப்படுத்தினார். பகுத்தாய்தல், வடிவமைத்தல், உருவாக்குதல், செயல்படுத்துதல், மதிப்பிடுதல் என்று இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் கற்பிக்கப்படும் ஐந்து படிகளும் 1975-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்கத் தரைப்படைக்காக வகுத்த முறையிலிருந்து வந்தவை. மனம் ஒரே நேரத்தில் சிறிதளவு புதிய செய்தியையே கையாள முடியும் என்று கூறும் ஜான் ஸ்வெல்லரின் அறிதல் சுமைக் கோட்பாட்டையும் ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகளையும் இப்படிப்பில் விரிவாகப் பயில்வீர்கள். படத்தைக் காட்டிப் பேசும்போது, பேசும் சொற்களையே திரையிலும் முழுமையாக எழுதிக் காட்டினால் கற்றல் பெரும்பாலும் குறைகிறது என்ற மேயரின் முடிவு ஒன்றைக் கொண்டே உங்கள் பழைய காணொளிகளில் எவற்றைத் திருத்தலாம் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

இனி எங்கே படிப்பது என்பதைப் பார்ப்போம். வேலையை விடாமல் படிக்க, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வித் தொழில்நுட்ப முதுநிலைப் பட்டயம் நல்ல தொடக்கம். அது பட்டயமே தவிர முதுகலைப் பட்டம் அன்று என்பதை மனத்தில் கொள்ளுங்கள். மும்பையின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம் கல்வித் தொழில்நுட்பத்துக்கெனத் தனித் துறையையே நெடுங்காலமாக நடத்திவருகிறது. பிற்காலத்தில் ஆய்வு செய்யும் எண்ணம் இருந்தால் மும்பை ஐ.ஐ.டி.யில் இத்துறையில் முனைவர் பட்டம் பெறும் வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவில் இண்டியானா, ஃபுளோரிடா மாநிலம் ஆகிய பல்கலைக்கழகங்கள் இத்துறையில் பெயர் பெற்றவை. இணையவழியிலும் முதுகலைப் பட்டம் வழங்குகின்றன. அங்கு முதுகலைப் படிப்பு பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) வரை இருக்கும். கட்டணத்தை ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு என்றே அறிவிப்பார்கள் என்பதால், அந்தத் தொகையைப் பெருக்கிப் பார்க்காமல் விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். முழுக்க இணையவழியில் படிப்பவருக்கு அமெரிக்க மாணவர் விசா கிடைக்காது. கேரள அரசுப் பணியில் பதவி உயர்வுக்கு இப்பட்டத்தைக் காட்டும் எண்ணம் இருந்தால், அது இங்கே இணையான பட்டமாக ஏற்கப்படுமா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்டுப் பெற்றுவிடுங்கள். என்னைக் கேட்டால், முதலில் இங்கே பட்டயத்தை முடித்து, இத்துறை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு அவ்வளவு பணத்தைச் செலவிடுவதே நல்லது.

எங்கே சேர்ந்தாலும் ஆய்வுப் பொருளை உங்கள் பள்ளியிலிருந்தே எடுங்கள். 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான கைட் விக்டர்ஸில், வீட்டிலிருந்த மாணவர்களுக்கான ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியபோது தமிழ் வழிப் பிள்ளைகளின் தேவை தனியானது என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டக் காணொளிகள் ஏராளம். மொழி ஒன்றுதான், ஆனால் பாட வரிசையும் அணுகுமுறையும் வேறு. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி, கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கான பாடத்தை அவர்களோடு வாழும் ஒருவர் வடிவமைத்தால்தான் அது அவர்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: நான் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் படித்தவன். காணொளித் தொகுப்பு நன்றாகத் தெரியும். பி.எட். இல்லாமல் இப்படிப்பில் சேர முடியுமா? மென்பொருள்களை மட்டும் கற்றுக்கொண்டால் போதாதா?
– ஒரு வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: பல பல்கலைக்கழகங்கள் ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டத்தையே தகுதியாகக் கேட்கின்றன, பி.எட். பெரும்பாலும் கட்டாயம் இல்லை. மூடுல், ஹெச்5பி, ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் ஆகிய இணையப் பாட மென்பொருள்களைச் சில மாதங்களில் பழகிவிடலாம், பழகவும் வேண்டும். ஆனால் அவை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

விண்ணப்பத்தோடு காட்ட ஒரு மாதிரிப் பாடம் தயாரியுங்கள். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பூச்சிமருந்து தெளிக்கும் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சியையே எடுத்துக்கொள்ளலாம். எழுத்துக் குறைவாகவும் படங்களும் தமிழ்க் குரலும் மிகுதியாகவும் அமைத்து, முதலில் நான்கைந்து பேரிடம் போட்டுக் காட்டித் திருத்துங்கள். பயிற்சியைப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு கிடைத்ததா என்று நான்கு நிலைகளில் பயிற்சியை மதிப்பிடும் முறையை டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்தார். பெரும்பாலானோர் முதல் இரண்டு நிலைகளோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்துக்குச் சென்று, எத்தனை பேர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து மருந்து தெளிக்கிறார்கள் என்று கங்காணியின் அனுமதியோடு குறித்து வாருங்கள். பாடத்தோடு அந்தக் குறிப்பையும், அதைப் பார்த்த பின் பாடத்தில் நீங்கள் செய்த மாற்றங்களையும் சேர்த்து அனுப்பினால், தேர்வுக் குழுவினர் உங்கள் விண்ணப்பத்தை நின்று படிப்பார்கள்.