வாசகர் கேள்வி பதில்: கிக் இல்லாத பீர்

போன இதழ்ல ஆல்கஹால் இல்லாத பீர் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு தஞ்சாவூர் திருவாரூர் பக்கத்துலேருந்து வந்த கடிதங்களைப் பார்த்தா இதை இவ்வளவு பேர் மனசுல வச்சிருக்காங்களான்னு தோணிச்சு. ஊர் மட்டும் போட்டிருக்கேன், பேர் வேணாம்.

கும்பகோணம் வாசகர்: எனக்கு குடிப்பழக்கம் கிடையாது. ஃப்ரெண்ட்ஸ் கல்யாணம்னு ரூம் போட்டு உட்கார்ந்தா என் கையில மட்டும் கூல்டிரிங்ஸ், ஒரே கிண்டல். இப்ப சூப்பர் மார்க்கெட்ல ஜீரோ பீர்னு டின்ல வருதே, அது நிஜ பீரா, வெறும் சோடாவா? ஏன் இவ்வளவு பேர் வாங்குறாங்க?

தம்பி, நல்ல கம்பெனியோடது பெரும்பாலும் நிஜ பீர்தான். மால்ட்னு சொல்ற முளைகட்டின பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ்ங்கிற பூ, ஈஸ்ட், தண்ணி எல்லாம் போட்டு வழக்கம்போல புளிக்க வச்சு பீராவே தயார் பண்ணிட்டு கடைசியில ஆல்கஹாலை மட்டும் பிரிச்சு எடுத்துடுவாங்க. ஆல்கஹால் 78 டிகிரியில கொதிக்கும், ஆனா அந்த சூடு குடுத்தா பீர் வெந்துபோயி ருசி கெட்டுடும், அதனால காத்தை உறிஞ்சி எடுத்த தொட்டியில வச்சு அழுத்தத்தைக் குறைச்சா 40 டிகிரி பக்கத்துலயே ஆவியாயிடும். வேற வழியும் இருக்கு, நம்ம வீட்டு ஆர்.ஓ. மெஷின் மாதிரியே சவ்வு வழியா வடிகட்டுறது, இல்லன்னா ஆல்கஹால் அதிகம் உண்டாக்காத ஈஸ்ட்டைப் போட்டு புளிக்க வைக்கிறது, இல்ல புளிக்கிறதைப் பாதியிலயே நிறுத்துறது. சில மலிவான பாட்டில் மால்ட் சாறுல கேஸ் அடைச்சதுதான், அதுல ஈஸ்ட் வேலையே கிடையாது, லேபிளைப் படிச்சா தெரிஞ்சுடும்.

இது இன்னிக்கு நேத்து வந்த சரக்கு இல்ல. அமெரிக்காவுல 1920லேருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு இருந்தப்ப 0.5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா விக்கலாம்னு விட்டாங்க, அப்பவே பீர் கம்பெனிங்க இதைப் போட்டுத்தான் பொழைச்சாங்க. ஜெர்மனியில 1979ல க்ளவுஸ்டாலர்ங்கிற ஆல்கஹால் இல்லாத பீர் வந்துச்சு. ஆனா அப்பல்லாம் ஆல்கஹாலோட வாசனையும் சேர்ந்து பறந்துடும், குடிச்சா கழனித்தண்ணியா இருக்கும்னு ஜனங்க ஒதுக்கிட்டாங்க. இப்ப அந்த வாசனையைத் தனியா பிடிச்சு வச்சு திரும்பக் கலக்குறாங்க, ருசி மாறிடுச்சு. ஹைனகன் 0.0 வந்தது 2017ல, நம்ம நாட்டுல பட்வைசர் 0.0 வந்தது 2019ல. 2022 கத்தார் உலகக் கோப்பையில ஸ்டேடியத்துல பீர் கிடையாதுன்னு கடைசி நேரத்துல சொல்லிட்டாங்க, வந்த ஜனம் எல்லாம் கையில பட் ஜீரோவை வச்சுக்கிட்டுதான் மேட்ச் பார்த்துச்சு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு கொரோனா சீரோங்கிற ஆல்கஹால் இல்லாத பீர் ஸ்பான்சர். ஜெர்மனியில மாரத்தான் ஓடி முடிச்சவங்களுக்கு ஆல்கஹால் இல்லாத பீர் குடுக்கிறது சாதாரணமா நடக்குற விஷயம்.

இவ்வளவு பேருக்கு ஏன் பிடிக்குதுன்னா, என் எண்ணத்துல முதல் காரணம் உங்க கடிதத்துலயே இருக்கு, கூட்டத்துல நம்மளும் ஒரு ஆளா உட்காரணும், மறுநாள் காலையில தலைவலி இல்லாம எந்திரிக்கணும், வீட்டுக்கு வண்டி ஓட்டிட்டுப் போகணும். அந்த ஆசையில தப்பே கிடையாது. அடுத்தது ருசி. நல்லா ஜில்லுன்னு ஆக்கி டம்ளரைச் சாய்ச்சுப் பிடிச்சு ஊத்திப் பாருங்க, மேல ரெண்டு விரல் உசரத்துக்கு நுரை நிக்கும், மூக்குல ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு மால்ட் வாசனை, குடிச்சப்புறம் நாக்கோட அடியில லேசா ஒரு கசப்பு தங்கும். நாகப்பட்டினத்து இறாலை மிளகு போட்டு வறுத்து வச்சுக்கிட்டு கூட கலர் குடிச்சா இனிப்பு அந்தக் காரத்தை அமுக்கிடும், இந்தக் கசப்பு அப்படிப் பண்ணாது, அடுத்த வாய் சாப்பிட இழுக்கும். கூல்டிரிங்ஸ் தவிர வேற வழியே இல்லாம இருந்த பெரியவங்களுக்கு இனிப்பில்லாம ஒண்ணு கிடைச்சிருக்கு, எனக்கு அது ரொம்ப சந்தோஷம். கிண்டல் பண்ற நண்பர்களுக்காக மட்டும் வாங்காதீங்க தம்பி, உங்களுக்குப் பிடிச்சா வாங்குங்க.

மன்னார்குடி வாசகி: என் வீட்டுக்காரர் நாலு மாசமா குடிக்கல, மாத்திரை எடுத்துக்கிறார். என் கொழுந்தன் "அண்ணி, ஜீரோ பீர் வாங்கிக் குடுங்க, ஆசையும் தீரும் போதையும் ஏறாது"ன்னு சொல்றான். குடுக்கலாமா?

வேண்டாம்மா. இதை நான் ரொம்ப உறுதியாவே சொல்றேன், ஆசையா கேட்டாலும் இப்ப வேண்டாம்.

குடியை விட்டவருக்கு ஆல்கஹால் மட்டும் பிரச்சினை இல்லம்மா, அந்த பாட்டிலைத் திறக்கிற சத்தம், நுரை, கசப்பு, சாயங்காலம் ஆறு மணி, இது எல்லாம் சேர்ந்துதான் பல வருஷமா மூளையில ஒரு வழியைப் போட்டு வச்சிருக்கு. ஆல்கஹாலை எடுத்துட்டாலும் மிச்சம் அத்தனையும் ஜீரோ பீர்ல அப்படியே இருக்கு, அதனால ஆசை தீர்றதுக்குப் பதிலா இன்னும் கிளம்பிடும், ரெண்டு ஜீரோ குடிச்சுட்டு மூணாவதுக்கு டாஸ்மாக் பக்கம் கால் போகும். ரொம்ப வருஷமா நிதானமா இருக்கிற சிலர் இதைக் குடிச்சு நல்லாவே இருக்காங்கதான், ஆனா நாலு மாசம்ங்கிறது பச்சைப் புண்ணு.

மாத்திரைன்னு எழுதியிருக்கீங்க, பேர் எழுதல. அது குடியை நிறுத்தக் குடுக்கிற டைசல்ஃபிராம் மாத்திரையா இருந்தா இன்னும் கவனம். அந்த மாத்திரை உடம்புல இருக்கும்போது ஆல்கஹால் போனா முகம் சிவந்து வாந்தி வந்து நெஞ்சு படபடன்னு அடிச்சு ஆபத்தாயிடும், நம்ம நாட்டுச் சட்டப்படி 0.5 சதவீதத்துக்கு மேல போனாத்தான் மது, அதுக்குக் கீழ இருக்கிற பாட்டிலும் ஆல்கஹால் இல்லாததுன்னுதான் விக்கும். கொழுந்தனுக்கு இதைச் சொல்லுங்க, அவர் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பார்.

இன்னொண்ணு, உங்களுக்கு இல்ல, இதைப் படிக்கிற மத்த அக்கா தங்கச்சிங்களுக்கு. இந்த மாத்திரையை வீட்டுக்காரருக்குத் தெரியாம சாம்பார்ல பொடிச்சுக் கலக்குற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, தெரியாம அவர் வெளியில குடிச்சுட்டு வந்தா உயிருக்கே ஆபத்து. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, அங்க அழைச்சுட்டுப் போங்க. 14446ன்னு போதை மறுவாழ்வுக்கு ஒரு இலவச நம்பர் இருக்கு, அதுலயும் பேசலாம். நாலு மாசம் கூட நின்னு பார்த்துக்கிட்டிருக்கீங்க, அது பெரிய விஷயம்மா.

கூத்தாநல்லூர் வாசகர்: சவுதியில இருந்தப்ப பார்பிகன், மௌசி எல்லாம் தினமும் குடிப்போம். அதுவும் இதுவும் ஒண்ணா? வீட்டுல கேள்வி கேக்குறாங்க.

ஒண்ணு இல்ல பாய். நீங்க அங்க குடிச்சது மால்ட் பானம், மாதுளை ஆப்பிள்னு இனிப்பு சேர்த்தது, கூல்டிரிங்ஸோட சேர்த்தி. இது பீர் ருசிக்குன்னே செய்றது. 0.0ன்னு போட்டதும் 0.5ன்னு போட்டதும் வேற வேற, அதை மட்டும் பார்த்து வாங்குங்க. ஆகுமா ஆகாதாங்கிறதை உங்க ஜமாஅத் ஹஜ்ரத்கிட்ட கேக்குறதுதான் முறை, அதுல நான் பேசக்கூடாது. சுகர் இருந்தா அந்த இனிப்பு மால்ட்டைக் குறைச்சுக்கங்க. ஹைனகன் 0.0 மாதிரி சாதா ரகம் 330 மில்லிக்கு 69 கலோரிதான், ஆனா அதுவும் மாவுச்சத்துதான்.

தஞ்சாவூர் கல்லூரி மாணவர்: இதைக் குடிச்சுட்டு பைக் ஓட்டினா, போலீஸ் ஊதச் சொன்னா மாட்டுவோமா?

சட்டத்துல வரம்பு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம். 0.5 சதவீதம் உள்ள 330 மில்லி டின்ல மொத்தமே ஒண்ணரை மில்லி சொச்சம் ஆல்கஹால்தான், 5 சதவீதம் உள்ள ஒரு பெரிய பாட்டில் பீருக்கு ஈடாகணும்னா இருபது டின் குடிக்கணும். குடிச்ச உடனே ஊதினா வாயில ஒட்டியிருக்கிறது கொஞ்சம் காட்டலாம், கால் மணி நேரத்துல போயிடும். ஹெல்மெட் போடுங்க.

பட்டுக்கோட்டை விவசாயி: கஜா புயல்ல போனது போக மிச்சம் நிக்கிற தென்னையில வருமானம் போதல. வெளிநாட்டு ஜீரோ பீரை இவ்வளவு விலை குடுத்து வாங்குறாங்களே, நம்ம நீராவை ஏன் இப்படி விக்க முடியல?

அய்யா, இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். 1987லேருந்து கள்ளுக்குத் தடை, ஆனா தென்னம்பாளையிலேருந்து இறக்குற புளிக்காத சாறான நீரா கள்ளு இல்ல, 2017லயே நம்ம அரசாங்கம் அனுமதின்னு அறிவிச்சுடுச்சு. சிக்கல் எங்கன்னா பாளையிலேருந்து சொட்டுற நிமிஷத்துலேருந்தே காத்துல இருக்கிற ஈஸ்ட் அதுல வேலையை ஆரம்பிச்சுடும், நம்ம வெயிலுக்கு மத்தியானத்துக்குள்ள கள்ளாயிடும். பதநீருக்குப் பானையில சுண்ணாம்பு தடவுறது அதைத் தடுக்கத்தான், ஆனா ருசியில சுண்ணாம்பு தெரியும். காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஐஸ் வச்ச பெட்டியைப் பாளையிலயே கட்டி சொட்டும்போதே ஜில்லுன்னு பிடிக்கிற முறை கண்டுபிடிச்சு கல்பரசான்னு பேர் வச்சிருக்கு, சுண்ணாம்பே வேணாம், ருசி அருமையா இருக்கும்.

பீர் கம்பெனிக்காரன் டின்ல அடைச்சு சூடுபடுத்திட்டா மாசக்கணக்குல லாரியில போகும். நீராவை அப்படிச் சூடு பண்ணா அந்தப் புது வாசனை போயிடுது, பண்ணலன்னா தோப்புலேருந்து கடை வரைக்கும் ஐஸ் செலவு, ஏறி இறக்க ஆள் கூலி வேற. அதனால தனி ஆளா இறங்கிடாதீங்க, பத்துப் பதினஞ்சு தோப்புக்காரங்க உற்பத்தியாளர் கம்பெனியா சேர்ந்து ஒரு குளிர்சாதன வண்டி போட்டு தஞ்சாவூர், கும்பகோணம்னு பக்கத்து ஊருக்கு மட்டும் அன்னன்னிக்கு இறக்கினா நடக்கும்னு நம்புறேன், ஜீரோ பீர் விக்கிற அதே ஃப்ரிட்ஜ்ல அதே தட்டுல நம்ம நீராவும் நிக்கணும்னு எனக்கும் ஆசைதான். அனுமதி வாங்காம மட்டும் ஒரு பாளையும் சீவிடாதீங்க, கள்ளு கேஸ்ல புடிச்சுட்டா அப்புறம் நீரான்னு நிரூபிக்கிறதுக்குள்ள அது நிஜமாவே புளிச்சிருக்கும்.